அளவெடுத்துத் தைக்கிற ஷூ அவசியமா பாஸ்?

ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஷூவைக் கழட்டிட்டு ஒரு வெள்ளை பேப்பர் மேல நில்லுங்க. பென்சிலால பாதத்தைச் சுத்திக் கோடு போடுங்க. இப்போ அந்தக் கோட்டு மேலயே உங்க ஷூவை எடுத்து வைங்க. என்ன, சுண்டு விரல் பக்கம் கோடு வெளியே எட்டிப் பார்க்குதா? கவலைப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான்!

இந்த விஷயம் தெரிஞ்சதே ஒரு கல்யாணத்தால. காலேஜ் நண்பனுக்கு ரிசப்ஷன். கோட் தைக்கக் கொடுத்தாச்சு. கூட இருந்த இன்னொரு நண்பன் பெரிய மனுஷன் மாதிரி சொன்னான்: "மச்சி, ஜென்டில்மேன்னா பீரோவுல ஒரு ஜோடியாவது அளவெடுத்துத் தைச்ச ஷூ இருக்கணும்." அவன் சொன்ன ஊர் லண்டன். அங்கே செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்ல ஜான் லாப்னு ஒரு பழைய ஷூக்கடை. உங்க காலை அளந்து, அதே மாதிரி மரத்துல ஒரு அச்சு செதுக்கி, அதை வெச்சுத்தான் ஷூ தைப்பாங்க. அந்த மரக் காலுக்குப் பேரு 'லாஸ்ட்'. அடுத்த தடவை நீங்க போகும்போது தேவைப்படும்னு அதைப் பத்திரமா எடுத்தும் வெச்சிருப்பாங்க. விலை? பல ஆயிரம் பவுண்ட்!

நமக்கு லண்டன் எதுக்கு பாஸ்? சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி, ரிப்பன் பில்டிங்கைத் தாண்டி நடந்தா பெரியமேடு. சைடன்ஹாம்ஸ் ரோட்டுல காலை வெச்சதுமே மூக்குக்குத் தெரிஞ்சிடும். தோல், பசை, பாலிஷ் மூணும் கலந்த ஒரு வாசனை. சுருட்டி வெச்ச தோல், சோல் ஷீட், பக்கிள், நூல்கண்டுன்னு ஷூவுக்கு வேண்டிய சாமான் எல்லாம் வரிசையா கடைகள்ல. ஒரு சந்துக்குள்ள, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் நான் தேடிப் போன பாய். அறுபது வயசு இருக்கும்.

"என்ன சைஸ் போடுறீங்க?"ன்னு அவர் கேட்கவே இல்லை. "ஷூவைக் கழட்டுங்க தம்பி"ன்னார். பேப்பர், பென்சில், டேப். விரல்கள் ஆரம்பிக்கிற அகலமான இடத்துல ஒரு சுத்து, மேல்பாதத்துல ஒரு சுத்து, குதிகால்ல இருந்து கணுக்கால் வளைவுக்கு ஒரு சுத்து. ரெண்டு காலுக்கும் தனித்தனியா! "இடது கால் கொஞ்சம் பெருசு. நிறைய பேருக்கு இப்படித்தான்"ன்னு சிரிச்சார். அப்புறம் பேப்பரைப் பார்த்துட்டு, "சின்ன விரல் வெளியே தள்ளி நிக்குது. உங்க அப்பா காலும் இப்படித்தான் இருக்குமே?"ன்னார்.

நான் பதில் சொல்லலை. ஏன்னு பிறகு சொல்றேன்.

<b>எட்டா, ஒன்பதா?</b>

கடையில எட்டு போட்டா கடிக்கும், ஒன்பது போட்டா கழண்டு வரும். இது உங்க காலோட தப்பு இல்லைங்க! நாம சொல்ற எட்டும் ஒன்பதும் இங்கிலாந்துக் கணக்கு. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அதுவும் நீளத்துக்கு மட்டும்தான். அகலத்தைப் பத்தி நம்ம ஊர்க் கடைகள்ல பெரும்பாலும் பேச்சே கிடையாது.

சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேலான ஆட்களோட பாதங்களை அளந்தது. தெரிஞ்சது என்ன? ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்ம பாதம் அகலம். அந்தக் கணக்குல 'பா'ன்னு ஒரு இந்திய அளவுமுறையையே பரிந்துரை பண்ணியிருக்காங்க. 'பாரத்'தோட முதல் எழுத்து! ஆக, அகலத்துக்காக ஒரு சைஸ் பெருசா வாங்கி, முன்னாடி பஞ்சு அடைச்சுப் போட்டுக்கிட்டது நீங்களும் நானும் மட்டும் இல்லை.

<b>ஆம்பூர் அக்கா</b>

பாய் பத்து நாள் டயம் கேட்டார். அதுக்குள்ள ஷூ ஊரையே பார்த்துடலாம்னு ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிட்டேன். சென்னையில இருந்து சுமார் 180 கிலோமீட்டர். 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம், இப்போ திருப்பத்தூர் மாவட்டம். ஆம்பூர்னா உங்களுக்கு சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும்தானே ஞாபகம் வரும்? காலையில சீக்கிரம் எழுந்து மெயின் ரோட்டுல போய் நின்னு பாருங்க. சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து பஸ் பஸ்ஸா பெண்கள் வந்து இறங்குறாங்க. கையில டிபன் பாக்ஸ், கழுத்துல ஐ.டி. கார்டு. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் கண்ணாடி ஷோகேஸ்ல உட்கார்ந்திருக்கிற எத்தனையோ ஷூக்களை இந்த ஊர்க் கைகள்தான் தைச்சிருக்கு.

நண்பனோட அக்கா அப்படி ஒரு ஃபேக்டரியில ஒன்பது வருஷமா தையல் பிரிவுல இருக்காங்க. "அக்கா, எனக்கு ஒரு ஜோடி ஷூ தைச்சுக் கொடுப்பீங்களா?"ன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். "எனக்கு முழு ஷூ தெரியாது தம்பி. நாக்கு தெரியும்"னாங்க. லேஸுக்கு அடியில இருக்குமே, அந்த நாக்கு! ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் ஓரம் சீவுவார், ஒருத்தர் நாக்கைத் தைப்பார், இன்னொருத்தர் லாஸ்ட் மேல இழுத்து மாட்டுவார். ஒன்பது வருஷத்துல எத்தனை ஆயிரம் நாக்கோ... அவங்க வாசல்ல கிடந்தது ரப்பர் செருப்பு.

ஒரு ஷூ எத்தனை வருஷம் உழைக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னும் அக்காதான் சொன்னாங்க. சோல் வெறும் பசையில ஒட்டியிருந்தா, பசை விட்டதும் கதை முடிஞ்சது. 'குட்இயர் வெல்ட்'னா மேல்தோலைச் சுத்தி ஒரு தோல் பட்டை தைச்சு, அந்தப் பட்டையோட சோலைத் தைப்பாங்க. சோல் தேய்ஞ்சா பிரிச்சு, புதுசு போட்டுக்கலாம். டயர்ல பார்க்கிற அதே பேருதான். ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடிச்ச சார்லஸ் குட்இயரோட மகன் பேரால வந்த முறை இது.

இன்னொரு கணக்கையும் சொல்லாம விடக்கூடாது. ஊரை ஒட்டிப் போகுது பாலாறு. தோல் பதனிடுற கழிவு அந்த ஆத்தையும் கிணறுகளையும் என்ன பண்ணுச்சுன்னு வயசானவங்களைக் கேட்டா மணிக்கணக்கா சொல்வாங்க. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல, 1996-ல உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவரே ஈடு கட்டணும்'னு தீர்ப்பு சொன்னது இந்தத் தோல் கழிவுக்காகத்தான். நாலு ஜோடி வாங்கித் தூக்கிப் போடுறதைவிட, ஒரு ஜோடியை நாலு தடவை சோல் மாத்துறது ஆத்துக்கும் நல்லது.

<b>நிஜமான கஸ்டமர்</b>

திரும்பும்போது காட்பாடியில இறங்கிட்டேன். பக்கத்துல கரிகிரி. தொழுநோய் சிகிச்சைக்காக 1955-ல தொடங்கின ஆஸ்பத்திரி அங்கே இருக்கு. ஷூவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?

கொல்லிமலையில பிறந்த பால் பிராண்ட்னு ஒரு டாக்டர். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும்னு உலகமே நம்பிட்டு இருந்தப்போ, "இல்லை, நரம்பு மரத்துப் போறதால வலி தெரியலை. வலி தெரியாததால புண்ணு மேல புண்ணு ஆகுது"ன்னு எடுத்துச் சொன்னவர். அப்படின்னா அந்தப் பாதத்தைக் காப்பாத்த என்ன வேணும்? சரியான செருப்பு! எடை ஒரே இடத்துல அழுத்தாம பரவுற மாதிரி மெத்துனு இருக்கிற எம்.சி.ஆர். ரப்பர், பின்பக்கம் பட்டை, ஆணியே கிடையாது. சர்க்கரை நோயில கால் மரத்துப் போனவங்களுக்கும் இன்னிக்கு இதேதான்.

இப்போ பாய் கேட்ட கேள்விக்கு வர்றேன். எங்க அப்பாவுக்கு 14 வருஷமா சர்க்கரை. அக்கா கல்யாணத்துக்குப் புது ஷூ வாங்கிப் போட்டார். 'எட்டாம் நம்பர்தான், போடப் போட லூஸாயிடும்'னு கடைக்காரர் சொன்னதை நம்பி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சிரிச்ச முகமா எல்லாரையும் வரவேற்றார். ராத்திரி சாக்ஸைக் கழட்டினப்போ சிவப்பு. "வலிக்கலையாப்பா?"ன்னு கேட்டேன். "இல்லையேடா"ன்னார். மூணு மாசம் கழிச்சு அந்தச் சுண்டு விரலை எடுத்துட்டாங்க.

எனக்கு ஷூ கடிச்சா வலிக்கும், உடனே கழட்டிடுவேன். அப்பாவுக்கு அந்த வசதி இல்லை. அதை கரிகிரி வாசல்ல நின்னப்பதான் முழுசா உணர்ந்தேன்.

<b>அப்போ அவசியமா?</b>

ரிசப்ஷனுக்கா? அவசியம் இல்லைங்க. ரெடிமேட்ல அகலம் சரியா அமைஞ்சா அதுவே போதும். எந்தக் கடை ஷூவும் அடங்காத காலா? அப்போ பெரியமேடு மாதிரி ஒரு இடத்துல தைச்சுக்கிறது ஆடம்பரம் இல்லை, நிம்மதி. என் ஷூவுக்கு ஆன செலவு 4,500 ரூபாய். ஆனா அப்பா மாதிரி ஒருத்தருக்கு, போலியோவுல ஒரு கால் குட்டையான ஒருத்தருக்கு, அளவெடுத்துத் தைச்சது மட்டும்தான் செருப்பு. மத்ததெல்லாம் ஆபத்து.

நீங்க வாங்கப் போனா, சாயங்காலமா போங்க. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நின்னுக்கிட்டே ரெண்டு காலையும் அளங்க. பெரிய காலுக்கு ஏத்ததை வாங்குங்க. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். 'போடப் போட லூஸாயிடும்'னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா, அவங்க போடறதுக்கு முன்னாடி செருப்புக்குள்ள, ஷூவுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. ராத்திரி அவங்க உள்ளங்காலையும் ஒரு தடவை பாருங்க. அதுக்கெல்லாம் காசே செலவாகாது!

பத்தாவது நாள் பெரியமேடு போனேன். பாய் ஷூவை நீட்டினார். போட்டு நாலு அடி நடந்தேன். கால்ல ஷூ இருக்கிறதே தெரியலை. "இன்னொருத்தருக்கும் அளவெடுக்கணும் பாய்"னேன். வெளியே ஆட்டோவுல அப்பா உட்கார்ந்திருந்தார். படி இறங்கி வந்து, ரோட்டோரமாவே பேப்பரை விரிச்சார் பாய். பென்சில் அப்பாவோட இடது காலைச் சுத்தி வந்தது. சுண்டு விரல் இல்லாத இடத்துல கொஞ்சம்கூட அவசரப்படாம, அந்த வளைவை அப்படியே வரைஞ்சது.