ஜிம்மிக்கு ஒரு பேணி விசுக்கோத்து

நாய்க்கென்று தனியாகப் பலகாரம் சுடுவதைப்பற்றி எழுதப்போகிறேன் என்றதும், இப்பகுதியைப் படிக்கும் சகோதரிகளுட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு முகஞ்சுளித்தவள்தான். நாய் என்றால் வளவுக்குக் காவல். எல்லோரும் உண்டெழுந்தபின் சட்டியில் மிஞ்சிய சோற்றையுங் குழம்பையும் பிசைந்து வேலியோரத்தில் வைத்துவிட்டால் அதன் பாடு முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இதுவே வழக்கம்.

2022 ஆம் ஆண்டு தை மாதத்தில் எங்கள் அயல்வீட்டார் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களுடைய பத்து வயது மகன் ஜிம்மியின் சங்கிலியை என் கையிலே தந்தான். கூடவே, வெளிநாட்டு நாயுணவுப் பொதி ஒன்றையும் தந்து, "அன்ரி, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடனை ஒண்டு குடுக்கிறனான். நீங்களும் குடுங்கோ" என்றான். சரி தம்பி என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லும் "சரி"களை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்!

பொதி மாசி மாத முடிவில் தீர்ந்தது. அவ்வேளையில் நாடு இருந்த நிலையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். டொலர் இல்லை, எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு வரிசை, மின்வெட்டு ஒருகட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கப்பலில் வரவேண்டிய பண்டங்கள் கடைகளில் அருகின. இருந்தவற்றின் விலையோ கேட்கவொண்ணாதது. ஜிம்மியோ வெறுஞ்சோற்றை முகர்ந்துவிட்டு அப்பாற் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று நாள் இவ்வாறு கழிய, எனக்கு மனம் பொறுக்கவில்லை. நம்மூர்ச் சின்ன வெங்காயத்தை நிறைய அரிந்து, எண்ணெயிற் பொன்னிறமாக வதக்கிச் சோற்றோடு பிசைந்து வைத்தேன். வாசனைக்கு மயங்காத சீவன் உண்டோ? சட்டியை நக்கித் துடைத்தது. எனக்கு உண்டான பெருமையைச் சொல்லிமுடியாது. தொடர்ந்து ஒருவாரம் அதே விருந்து கொடுத்தேன்.

எட்டாம் நாள் ஜிம்மி எழுந்திருக்கவில்லை. முரசு வெளிறிக் கிடந்தது, மூச்சு வாங்கியது, சிறுநீர் கோப்பித் தண்ணீர்போலக் கறுத்திருந்தது. எரிபொருளில்லாத அந்நாளில் ஒரு முச்சக்கர வண்டியைத் தேடிப் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?" என்பதே. சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் குருதியிலுள்ள செங்கலங்களைத் தாக்கி உடையச் செய்யுமாம். பச்சையாயினும் வதக்கியதாயினும் தூளாயினும் பயன் ஒன்றே, உள்ளியும் அவ்வினத்ததே. உண்ட அன்றே தெரியாமற் சில நாள் கழித்தே நோய் வெளிப்படுவதால், குற்றவாளி யாரென்று வீட்டார் அறிவதில்லை. அன்று அவர் வேறு சிலவற்றையும் சொல்லி எச்சரித்தார். முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே பண்டிகைக் கேக்குத் துண்டு ஆகாது. சொக்கிலேற்று ஆகாது. சீனியில்லாத இனிப்புகளிலும் சுவிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிற்றோல் ஆகவே ஆகாது. சமைத்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இத்தனை காலமும் எங்கள் வேலியோரத்து நாய்கள் உண்டு மாண்டவற்றை எண்ணியபோது எனக்கு நாணமாயிருந்தது. எத்தனையோ நாய்களைப்பற்றி "நாள் முடிந்தது" என்று சொல்லி மண்ணைத் தள்ளியிருக்கிறோம்.

ஜிம்மி பிழைத்தது. உடல் புதிய குருதியை உண்டாக்குவதற்குச் சில வாரங்கள் சென்றன. ஆனால் அது உணவை மறுத்தது. கையிலே கொஞ்சங் கொஞ்சமாக ஊட்டும்படி வைத்தியர் சொன்னார். அப்போதுதான் விசுக்கோத்துச் சுடும் எண்ணம் வந்தது.

நாய் விசுக்கோத்து நம் கண்டுபிடிப்பன்று. 1860 ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்னும் அமெரிக்கர் இலண்டனில் கோதுமை, மரக்கறி, பீற்றூட், இறைச்சி முதலியவற்றைச் சேர்த்து நாய்களுக்கென்று அடைகள் செய்து விற்கத் தொடங்கினார். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் விசுக்கோத்தை நாய்கள் தின்றதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். நம் நாட்டு ஆங்கிலத்தில் நெத்தலிக்கும் ஸ்பிராற் என்றே பெயர். இந்தப் பொருத்தத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் நானும் நெத்தலி வாங்கச் சந்தைக்குப் போனேன்.

செய்முறை பெரிதன்று. கால் கிலோ வற்றாளங்கிழங்கை அவித்துத் தோலுரித்து மசித்துக்கொள்ளவேண்டும். இரண்டு கைப்பிடி பச்சை நெத்தலியைத் தலையுங் குடலும் நீக்கி, உப்பிடாத தண்ணீரில் அவித்து, அம்மியில் ஓட்டியெடுக்கவேண்டும். இரண்டையும் ஒரு முட்டையோடு கலந்து, பிடிக்கும் பதம் வரும்வரை குரக்கன் மா தூவிப் பிசையவேண்டும். ஏறக்குறைய இரண்டு கோப்பை மா கொள்ளும். கருவாட்டு நெத்தலியில் உப்பு மிகுதி, அது வேண்டாம். மாவை மெல்லியதாகத் தட்டிப் போத்தல் மூடியால் வெட்டிக்கொண்டேன்.

எரிவாயு இல்லாமையால், என் தாயார் வருஷத்துக்குக் கேக்குச் சுட்ட முறையையே கைக்கொண்டேன். பழைய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடியின் மேலுங் கீழும் சிரட்டைத் தணல் இட்டேன். முதல் ஈடு வெளியே கரி, உள்ளே களி. விரற்கடைத் தடிப்பைப் பாதியாகக் குறைத்தபின்பே சரிவந்தது. குளிர்ப்பெட்டியை நம்பமுடியாத நாளாதலால், சுட்டதை மறுபடி வெயிலிற் காயவைத்துப் பேணியிலடைத்தேன். அப்படியும் நாலைந்து நாளே தாங்கும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. எனவே சனிக்கிழமைதோறும் ஜிம்மியின் அடுப்பு எரிந்தது.

இத்தனை பாடுபட்டுச் செய்ததைக் காலையில் அதன் சட்டியில் வைத்தேன். முகர்ந்தது, போய்விட்டது. காகந் தின்றது. மறுநாளும் அப்படியே. பிற்பகல் இரண்டு மணியளவில் ஜிம்மி தள்ளாடி எழுந்து போய்ப் படலையடியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதை அன்றுதான் கவனித்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. தம்பிக்குச் சொன்ன "சரி" நினைவுக்கு வந்தது. பேணியோடு போய்ப் படலைக்கு வெளியே நின்று, தெருவிலிருந்து உள்ளே வருபவளைப்போல வந்து, ஒன்றை நீட்டினேன். ஜிம்மி என்னை வெகுநேரம் பார்த்தது. பின்னர் மெல்ல வாங்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய், முன்னங்கால்களுக்கிடையில் வைத்துத் தின்றது.

ஒருநாளைய உணவிற் பத்திலொரு பங்குக்கு மேல் இத்தகைய பண்டங்கள் ஆகாதென்பது வைத்தியர் கட்டளை. ஆகவே ஒன்றை இரண்டாக முறித்தே கொடுப்பேன்.

பக்கத்து வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டார். "உனக்கென்ன பிள்ளை, விசரே? சனம் மாவுக்கும் பாணுக்கும் அலையுது. நீ நாய்க்குப் பலகாரம் சுடுறாய்!"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை. கிழங்கு என் வளவில் விளைந்தது, கோதுமை மா ஒரு கரண்டியும் சேர்க்கவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். முட்டையை என்ன சொல்வது? அடுத்த ஈட்டில் முட்டையை நிறுத்தினேன். கிழங்கின் பசையே போதுமாயிருந்தது. ஆயினும் ஆச்சியின் வீட்டுப் புகைபோக்கியிற் புகை காணாத காலைகளில், என் அடுப்பை மூட்ட எனக்குக் கை வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாமரத்தடியில் ஜிம்மியோடு ஆச்சியின் பேரனும் உட்கார்ந்திருந்தான். ஆறு வயதுப் பையன். இருவர் வாயும் அசைந்துகொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவன், "ரீச்சரம்மா, இதுக்கு உப்புக் காணாது" என்றான்.

அன்று மாலை ஆச்சி வந்தார். கையில் ஒரு துணிமுடிச்சு. அதிலே குரக்கன் மா. "இதையுஞ் சேர்த்துச் சுடு பிள்ளை. பொடியனுக்கு உப்பும் சீனியும் போடு. நாய்க்குப் போடாதை" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அன்றுமுதல் நெத்தலி சேர்க்குமுன்பே கிழங்குமாவை இரண்டாகப் பிரித்துவிடுவேன். ஒரு பாதி தேங்காய்ப்பூவும் சீனியும் உப்பும் பெறும். எரிவாயு மீண்டும் வந்தபின்னும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஜிம்மிக்கு இப்போது முதுமை. பல் ஆடுவதால் விசுக்கோத்தை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தே கொடுக்கிறேன். கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைக்கும்போது, "ரண்டு மணிக்குத்தானே குடுக்கிறியள்?" என்று தவறாமற் கேட்பான். அடுப்பங்கரைத் தட்டில் இரண்டு பேணிகள் இருக்கின்றன. மூடியிற் சிவப்பு நூல் கட்டியது ஜிம்மியுடையது.