தியத்தலாவைப் புற்றரையில்

போர் விமானத் தளம் பார்க்க விரும்புகிறவர்கள் கட்டுநாயக்காவுக்கோ சீனன்குடாவுக்கோ போவார்கள். நான் பதுளையில் ரயிலேறித் தியத்தலாவைக்குப் போனேன். அந்தத் தளங்களைக் காக்கும் விமானப் படையினருக்குத் தரைப்போர்ப் பயிற்சி கொடுப்பது இந்த மலையில்தான். 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்காவிலும் 2007 ஒக்டோபர் 22இல் அநுராதபுரத்திலும் புலிகள் புகுந்தபோது விமானங்கள் நின்ற இடத்திலேயே எரிந்தன. ஓடுபாதை எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, வேலியோரம் காவல் நிற்பவன் அசந்தால் தளமே போய்விடும்.

தெமோதரையில் பாதை வளையம் போட்டுத் தனக்கடியிலேயே நுழைகிறது. எல்ல, பண்டாரவளை கடந்தால் தேயிலை மெல்ல ஒதுங்கிப் புற்றரை தொடங்கும். தியத்தலாவை நிலையத்தில் இறங்கியதும் காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. திரும்பிய பக்கமெல்லாம் முகாம் வேலி, காவலரண், வெள்ளையடித்த கல்வரிசை.

1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களைப் பிரித்தானியர் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடைத்த இடம் இது. சுமார் 5,000 பேர். ரயில் பாதை அப்போது பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்கு 1924இல்தான் வந்தது. நெளிதகரக் கொட்டகைகளில் வைக்கப்பட்ட போயர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த மண்ணிலேயே இறந்தார்கள். பெரும்பாலும் நெருப்புக் காய்ச்சல். முடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து ஊர் திரும்பாமலே போன போயர் ஒருவரின் பெயர் எங்கல்பிரெக்ட். பின்னாளில் யால வனத்தின் முதல் காவலர் அவர்.

முகாம் பிறகு கலையவே இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் இங்கே ஜெர்மானியர் தடுத்து வைக்கப்பட்டார்கள். பௌத்தத் துறவி ஞானதிலோகரும் அவர்களில் ஒருவர். சுதந்திரத்துக்குப் பின் தரைப்படை வந்தது. 1951இல் பிறந்த விமானப் படையும் பின்னர் வந்து சேர்ந்தது.

நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் தோட்டத்து அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் கோப்பையைப் பிடித்தபடி, 2025 நவம்பரில் திட்வா புயல் வந்தபோது நடந்ததைச் சொன்னார். "ரோட்டெல்லாம் மண்ணு மூடிக்கிச்சு தம்பி. கெலிகொப்டரு வந்து அரிசி பருப்பு எறக்குச்சு. ஆமிக்காரப் புள்ளைங்களும் வந்தாங்க. நல்ல புள்ளைங்கதான்." அந்த நன்றியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோதும் படையினர்தான் தோண்டினார்கள். அந்தச் சரிவில் குடியிருப்பது ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. மாற்று நிலம் தராமல் எழும்பு என்று சொன்னால் எங்கே எழும்பிப் போவார்கள்?

மீட்பு வேலைக்கு ஹெலிகொப்டர் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. உறுதியான மண்ணில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கிடைக்கத் தலைமுறைகள் ஆகின்றன. "ஒங்க லயத்துக்கு மேலயும் சரிவுதானா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. பேரு எழுதிட்டுப் போயிருக்காங்க."