யாரிடம் கற்றீர்கள்?

அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு நாங்கள் குடிவந்த மூன்றாவது வருடம், மகளை ஃபிடில் வகுப்பில் சேர்த்தேன். ஃபிடில் வேறொன்றும் இல்லை, நம் வயலினேதான். நாட்டுப்புற நடன மெட்டுகளை வாசிக்கும்போது அங்கே அதற்கு அந்தப் பெயர்.

நானும் சிறுவயதில் ஆறு வருடம் வயலின் கற்றவள்தான். காலேஜ், வேலை, கல்யாணம் என்று போனதில் எங்கேயோ விட்டுவிட்டேன். பெட்டி மட்டும் என்னோடு கடல் தாண்டி வந்து, அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. நான் விட்டதை மகளாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று ஓர் ஆசை.

ஒரே மாதத்தில் பிரச்னை வந்தது. "எதுவுமே ஞாபகம் இருக்க மாட்டேங்குதும்மா. நான் போக மாட்டேன்" என்று அழுதாள். நோட்டைப் புரட்டினேன். ஒரு ஸ்வரம்கூட எழுதவில்லை!

அடுத்த சனிக்கிழமை நேராக டீச்சரிடம் போய் நின்றேன். "ஒரு வரியாவது எழுதிக் கொடுக்கலாமே?"

எழுபதைத் தாண்டியவர். கோபப்படவில்லை. "எழுதிக் கொடுத்தால் பிள்ளை காகிதத்தைப் பார்ப்பாள். இப்போது என் கையைப் பார்க்கிறாள். நீங்களும் உட்காருங்கள்" என்று ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு வில்லை எடுத்தார்.

அன்று அவர் வாசித்தது 'கெஷ் ஜிக்'. ஜிக் என்பது மும்மூன்றாகத் துள்ளும் நடனத் தாளம். என் காதில் அது 'தகிட தகிட' என்றே விழுந்தது. இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"யார் கம்போஸ் பண்ணியது?" என்று கேட்டேன்.

"அது யாருக்கும் தெரியாது. ஆனால் நான் யாரிடம் கற்றேன் என்று கேளுங்கள், சொல்கிறேன். என் அத்தையிடம். அவர் வீட்டுச் சமையலறையில்."

வீட்டுக்கு வந்து அந்த மெட்டின் கதையைத் தேடிப் படித்தேன். ஸ்லைகோ மாவட்டத்தில் கெஷ் என்ற மலை இருக்கிறது. 'கெஷ் மலை ஜிக்' என்றும் இந்த மெட்டைச் சொல்வார்கள். ஆனால் 1903-ல் சிகாகோவில் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இதன் பெயர் 'கின்கோரா ஜிக்'. பழைய அரசர் பிரையன் போரு வாழ்ந்த இடம் கின்கோரா. ஒரே மெட்டு, ஊருக்கு ஒரு பெயர்!

அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர் ஃபிரான்சிஸ் ஓ'நீல். பிறந்தது 1848-ல், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம் அது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்; அதே அளவுக்கு ஜனங்கள் கப்பலேறினார்கள். மெட்டுகளைத் தெரிந்துவைத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தோடு போனார்கள்.

ஓ'நீல் 16 வயதில் கப்பல் வேலைக்குப் போய், கடைசியில் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். 1901-ல் அந்த நகரப் போலீஸுக்கே தலைவரானார். அவருக்கு இசையை எழுதத் தெரியாது. சின்ன வயதில் கேட்ட மெட்டுகள் மனதில் இருந்தன, அவ்வளவுதான். ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் ஃபிடில் வாசிப்பார், எழுதவும் தெரிந்தவர். இவர் வாசித்துக் காட்ட, அவர் எழுதினார். குடியேறி வந்த மற்றவர்களையும் தேடிப் பிடித்துச் சேர்த்த மெட்டுகள் 1850.

அங்கே ஊரிலும் சோதனைதான். பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1935-ல் சட்டம் வந்தது. அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் தடுத்தார்கள். அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த கெஷ் ஜிக்கை, 1975-ல் போத்தி பேண்ட் என்ற குழு தன் முதல் ஆல்பத்தின் முதல் மெட்டாக வாசித்தது. இன்று புதிதாகக் கற்கிற பிள்ளைகளில் பலருக்குப் பரிச்சயமாகும் முதல் மெட்டுகளில் அதுவும் ஒன்று.

படித்து முடித்ததும் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். நம் சுருதி வேறு, அவர்கள் சுருதி வேறு. தந்திகளை மாற்றி முறுக்கினேன். சம்மணமிட்டு உட்கார்ந்தே வாசித்துப் பழகியவள், நாற்காலியில் தடுமாறினேன். "இப்படி இல்லம்மா, நான் வாசிக்கிறதைக் கேளு" என்று மகள் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுத்தாள். 'ஞாபகம் இருக்காது' என்று அழுத அதே பெண்! நான் தப்பு செய்யச் செய்ய, அவளுக்கு மெட்டு நன்றாகப் பிடிபட்டது.

இரண்டு மாதம் கழித்து, டீச்சர் வீட்டுச் சமையலறையில் ஏழெட்டுப் பேர் கூடி வாசித்தோம். கெஷ் ஜிக் முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் கேட்டார். "இதை யாரிடம் கற்றீர்கள்?"

ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த மகளைக் காட்டினேன். அவர் மகள் பக்கம் திரும்பி, அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டார். அவள் டீச்சரைக் காட்டினாள். டீச்சர் தன் அத்தையின் பெயரைச் சொன்னார்.

"அந்த அத்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றாள் மகள்.

"அதை நான் கேட்காமல் விட்டுவிட்டேன்" என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு வில்லை எடுத்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தோம்.