ஸுரையா, ஸுஹைல் பார்க்க சுண்டிக்குளம் போனோம்



சிவராத்திரி விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று பலரும் கேட்டதால் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்.

மூதூரிலிருந்து சுண்டிக்குளம் போனோம். நானும் தரம் 8 இல் படிக்கும் மகனும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வழியாக முல்லைத்தீவு. ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் அங்கே ஏறிக்கொண்டார்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 19,565 ஹெக்டேயர். யால, வில்பத்து போல ஜீப் வரிசை இல்லை. களப்பு, உவர்நிலம், பனை, மணல் அவ்வளவுதான். மாசி மாதத்தில் பூநாரைகள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தோம். வந்திருந்தன, அல்ஹம்துலில்லாஹ். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளிறிய ரோஸ் நிறக் கோடு. பைனாகுலரில் பார்த்தால் எல்லாம் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கின்றன. தின்னும் பாசியும் சின்ன இறாலும்தான் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. கிட்டப் போக வேண்டாம் என்று மகனைத் தடுத்தேன். ஒரு தடவை கலைத்தால் முழுக் கூட்டமும் தீனியை விட்டு எழும்பிவிடும்.

சூரியன் இறங்கும்போது பூங்காவை விட்டு வெளியேறி, நண்பரின் உறவினர் வாடி போட்டிருக்கும் கடற்கரைக்கு வந்தோம். மணலில் மஃரிப் தொழுதோம்.

அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசி. எங்கள் கணக்கில் ஷஃபான் மாதக் கடைசி. விடியப்போகும் வரைக்கும் நிலவு இல்லை. ஏழரை மணிக்கு மேல் வானத்தைப் பார்த்த மகன் கேட்டான்: “வாப்பா, இவ்வளவு வெள்ளியும் எங்கட ஊருல இல்லையா?”

“இரிக்கி மகன். வெளிச்சத்துல தெரியல்ல.”

நம் ஊரில் ஸுரையா, ஸுஹைல் என்ற பெயர்கள் இல்லாத வகுப்பு குறைவு. இரண்டும் வெள்ளிகளின் பெயர்கள் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ஸுரையா என்பது தமிழில் கார்த்திகை. அதன் ஒளி இங்கே வந்து சேர ஏறத்தாழ 440 வருடம் எடுக்கும். 1624 இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டுவதற்கு முன்னரே புறப்பட்ட வெளிச்சத்தைத்தான் அன்றிரவு பார்த்தோம். ஸுஹைல் தெற்கு வானத்தில் தாழ நிற்கும் பெரிய வெள்ளி. லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகின்றன.

நண்பர் கனநேரம் பேசாமல் மல்லாந்து கிடந்தார். பிறகு சொன்னார்: “அந்த நேரம் நாங்கள் மேல பாக்கிறது வெள்ளி பாக்க இல்லை மச்சான். வண்டு சுத்துதா எண்டுதான்.”

வன்னிச் சனங்கள் ஆளில்லா விமானத்தை வண்டு என்பார்கள். அதற்குப் பிறகு கிபிர் வரும். இரவில் பரா லைட் எரிந்தால் பங்கருக்குள் ஓட வேண்டும். எனக்கும் சொல்ல இருந்தது. 2006 ஓகஸ்டில் ஷெல்லுக்குப் பயந்து மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தவர்களில் நானும் ஒருவன். அந்த இரவுகளிலும் வானம் நிறைய வெள்ளி இருந்திருக்கும். ஒன்றுகூட நினைவில் இல்லை. காதுதான் வேலை செய்தது.

மகனுக்கு இந்தக் கதைகள் புதிது. நடுவில் ஒரு தடவை மட்டும், “மாமா, இப்ப பயமில்லையா?” என்று கேட்டான். நண்பர் சிரித்துவிட்டு, “இப்ப யானைக்கு மட்டும்தான் மருமகன்” என்றார்.

எங்கள் தலைமுறை இருட்டைக் கண்டு பயந்தது. அதனால் கரண்ட் வந்ததும் வாசலுக்கு வாசல் லைட் போட்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, வானத்தைக் காட்டாமல் விட்டுவிடக் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, இதற்குச் சுண்டிக்குளம்வரை போகத் தேவையில்லை. பிறை மாதத்தின் கடைசி இரவுகளில் ஒன்றில், ஊர் வெளிச்சம் படாத ஒரு குளக்கட்டுக்கோ கடற்கரைக்கோ, பெற்றோரோடு பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். போனை அணைத்து இருபது நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். மாசி, பங்குனியில் இஷாவுக்குப் பிறகு வரிசையாக மூன்று வெள்ளி தெரியும். அந்தக் கோட்டை மேற்குப் பக்கம் நீட்டினால் சிவந்த அல்-தபரான். பின்தொடர்வது என்று பொருள், தமிழில் ரோகிணி. அது பின்தொடர்வது ஸுரையாவைத்தான், இன்னும் கொஞ்சம் நீட்டினால் கொத்தாகத் தெரியும். மற்றப் பக்கம் நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான வெள்ளி, அஷ்-ஷிஃரா. சூரா அந்-நஜ்மில் பெயர் சொல்லப்பட்டது. அதற்குத் தெற்கே ஸுஹைல்.

வகுப்பில் அந்தப் பெயருள்ள பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.