யாருக்கு அழுவாய், கல்வராயனே?

திருக்கோவலூரில் தென்பெண்ணையின் நடுவே நிற்கிறது கபிலர் குன்று. பறம்பின் கோமான் பாரி மாய்ந்தபின், அவன் மகளைத் தக்கார் கையில் ஒப்படைத்துவிட்டுப் புலவன் அங்கே உயிர் துறந்தான் என்பது ஊர் வழக்கு. வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் அதை நினைவுகூரும். மலைவேந்தனை இழந்து கலங்கிய தமிழ் நடமாடிய மண் அது. அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில், தன்னை ஆண்டவர் போனதற்கு ஒரு துளியும் சிந்தாத மலை நீ, கல்வராயனே. உன் துயர் வேறு. அதை யார் பாடுவார்?

சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்தார்கள் உன்னைப் பங்கிட்டு ஆண்டனர். கிருஷ்ணதேவராயர் தந்த உரிமை என்பது அவர்கள் சொல்லிவந்த பெருமை. 1858இல் விக்டோரியா அரசியார் கும்பெனியாரிடமிருந்து இந்நாட்டை ஏற்றார். அவர் முகம் நாணயத்தில் இருந்தது. அவர் ஆட்சி உன் மேல் ஏறவில்லை. இலண்டனில் முடி பெயருக்கு, அதிகாரம் மக்களவைக்கு என்ற வழக்கம் இறுகிக்கொண்டிருந்த அந்நூற்றாண்டில், உன் சரிவுகளில் முடி பெயருக்கும் அதிகாரம் கவுண்டனுக்கும் ஆயிற்று. உழவுக்காட்டில் ஏருக்கு வரி. ஏர் ஏறாத கொத்துக்காட்டில் கொத்துக்கும் வரி. கல்லைக் கீறிச் சாமை விதைத்தவன் எந்த அரசியாரிடம் போய் முறையிடுவான்?

1947இல் கொடி மாறியது. 1948இல் சமீன்களை ஒழிக்கச் சட்டம் பிறந்தது. 1950இல் இந்நாடு முடியே இல்லாத குடியரசாயிற்று. 1952இல் சமவெளியார் வரிசையில் நின்று வாக்களித்தனர். மேலே கவுண்டர்களே இருந்தனர். 1963இல் அரசு கைவைத்தபோதும் அவர்கள் நீதிமன்றம் ஏறித் தடுத்தனர். வாளெடுக்கவில்லை, வக்கீல் வைத்தனர். குடியரசு தன் சட்டத்தாலேயே பழைய அரசுக்கு நிழல் தந்து நின்றது. கடைசியில் 1976 ஜூன் 25 அன்று உன் ஊர்கள் அரசின் வசமாயின.

அந்தோ, அந்த நாள்! நெருக்கடி நிலை பிறந்து சரியாக ஓராண்டு. சனவரி 31 அன்றே தமிழகத்தின் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. கோட்டையில் சட்டமன்றம் இல்லை, முதலமைச்சர் இல்லை. தில்லியில் மக்களவையோ தன் ஐந்தாண்டு முடிந்தும் ஆயுளை நீட்டிக்கொண்டிருந்தது. அரசர் கையிலிருந்து உன்னை வாங்கிக்கொள்ள, மக்கள் தேர்ந்த அமைச்சன் ஒருவனும் சென்னையில் இல்லாத பொழுதில் நீ விடுதலை பெற்றாய்.

பெற்றும் என்ன? அதன்பின் 1996 வரை உன் மக்களுக்கு வாக்குரிமை இல்லை என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டபோது, கேட்டவர் நெஞ்சு நடுங்கியிருக்க வேண்டும். 1977, 1980, 1984, 1989, 1991 எனத் தேர்தல்கள் அடிவாரத்தோடு நின்று திரும்பின. வரி கேட்கக் கவுண்டன் இல்லை. வாக்குக் கேட்க வேட்பாளனும் இல்லை. இருபது ஆண்டு எவருக்கும் குடியாகாமல் கிடந்தாயே! கோல் கொடியதாயின் குடிகள் நோவர். கோலும் இல்லை, வாக்கும் இல்லை என்றால் யாரை நோவது?

அந்த வழக்கையும் நீ தொடுக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவரைக் கொன்றபிறகே, சாராய ஊறல் தேடிக் காவலர் உன் மேல் ஏறினர்; நீதிபதிகளும் தாமாக உன் பக்கம் திரும்பினர். சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பள்ளி எங்கே என்று கேட்டனர். முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்றும் சொன்னார்கள்.

கடல் கடந்து எலிசபெத் அரசியார் 1961இலும் 1997இலும் சென்னைக்கு வந்து போனார். உன் மேலுள்ள வெள்ளிமலை ஊருக்குச் சென்னையிலிருந்து அதைவிடவா தூரம்?