எடை போடுகிற நேரம்

கொட்டச்சேட்டில் சூரியன் மறைவதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து காரில் வருகிறார்கள். குப்பனூர் ரோட்டில் ஏறி, தேக்கங்காட்டு வளைவில் ஓரங்கட்டி, "ஆகா, தங்கம்!" என்கிறார்கள். நான் வளர்ந்ததே அங்கேதான். சின்ன வயதில் ஒருநாளும் அதை நின்று பார்த்ததில்லை. எங்களுக்கு அது எடை போடுகிற நேரம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். மலையாளிப் பழங்குடிகளின் காடு பிறகு காப்பிக்காடானது. எங்கள் தாத்தா சமவெளிச் சேரியிலிருந்து கூலியாக ஏறியவர். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு. விடிந்ததும் ஈரச் செடிக்குள் நுழையும் அம்மா, வெளிச்சம் சாயும்போதுதான் மூட்டையோடு வெளியே வருவாள். காய் கலந்திருந்தால் ரைட்டர் மூட்டையைக் கொட்டிப் பொறுக்கச் சொல்வார். அம்மா நனைந்த சேலையோடு தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மாலை, முல்லைத் திணைக்குச் சிறுபொழுது என்று எம்.ஏ. தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எடை போடுகிற மாலை எந்தத் திணையோ!

ஒன்பதாவது படிக்கும்போது பார்த்தேன். எஸ்டேட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் ரோட்டோரம் மூன்றுகால் சட்டம் நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். "ஏம்மா, நகந்துக்க. வெளிச்சத்த மறைக்கிற" என்றார். அம்மா மூட்டையோடு சரிவில் இறங்கி நின்றுகொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் துணியில் நடந்ததை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்கு அவர் வெள்ளையே தொடவில்லை. காய்ந்துபோன சாம்பல் நீலத்தின் மேல், எண்ணெய் விட்டுத் தண்ணியாக்கிய மஞ்சளைத் தடவிக் கந்தலால் துடைத்தார். கீழ்நிறம் ஊடாகத் தெரிந்து பனிக்குள் வெளிச்சம் ஊறியது. மெய்யாகவே அழகு. அம்மா நின்ற இடத்தில் ஒரு புதர் முளைத்திருந்தது.

பின்னாளில் சென்னை நூலகம் ஒன்றில் டர்னரின் அச்சுப்படங்களைப் புரட்டினேன். பொன்னையும் பனிமூட்டத்தையும் எண்ணெயில் கரைத்தவர்களில் அந்த இங்கிலாந்துக்காரர் முதல் வரிசை. 1840இல் அவர் காட்சிக்கு வைத்த அடிமைக்கப்பல் ஓவியம் இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானமெல்லாம் அந்திப்பொன். வலது கீழ்மூலையில் விலங்கு மாட்டிய ஒரு கால், மொய்க்கும் மீன்கள். 1781இல் சோங் என்ற கப்பலிலிருந்து, காப்பீட்டுப் பணத்துக்காக நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசினார்கள். அந்தக் கொடுமைதான் படத்துக்கு மூலம் என்பார்கள். ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் 1843இல் இந்தப் படத்தின் கடலையும் ஒளியையும் விரிவாகப் புகழ்ந்துவிட்டு, அடிமைகள் விஷயத்தை அடிக்குறிப்பில் தள்ளினார். வரைந்தவன் காலை விடவில்லை. பார்த்தவன் அடிக்குறிப்பாக்கினான். நம்மூரில் படத்திலேயே புதராக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

போன மார்கழியில் நானே வரைய உட்கார்ந்தேன். ஒரு கேட்மியம் மஞ்சள் டியூப் அம்மாவின் ஒருநாள் கூலியைத் தின்றது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலராது, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுகும். எங்கள் லைன் வீட்டுக் குளிரிலும் ஈரத்திலும் ஒரு பூச்சு காய ஒரு வாரமானது. பொன்பனி ஒருவழியாக வந்துவிட்டது. நடுவில் மூட்டையோடு அம்மாவை நிறுத்தி, அவள் தோளிலும் மஞ்சள் இழுத்தேன். உரிமையை மீட்டுவிட்டதாக நினைப்பு.

அம்மா கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. தலையில சாக்குக் கொங்காணி போட்டிருப்பனே, அத எங்க காணோம்?"

பிறகு விரலை மஞ்சளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் சொன்னாள்: "இதுவும் தப்பு. இந்த வெயிலு அங்கிட்டு எதிர்மேட்டுலதான் அடிக்கும். தராசு கெடக்கறது மேட்டு நெழல்ல. அந்நேரத்துக்கு எங்களுக்குக் குளுரு நடுக்கும்."

இருபது வருஷம் கழித்து நானும் அவளை வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். கத்தியால் அந்தப் பகுதியைச் சுரண்டினேன். காயாததால் சுலபமாக வந்துவிட்டது. இப்போது அங்கே நிழலின் நீலம் பூசிவைத்திருக்கிறேன். காயட்டும். கொங்காணிக்கு என்ன நிறம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.