தார் போட யாரைக் கூப்பிடுவது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் போன்ற குளிர் பிரதேசத்தில், தெருவிலிருந்து வீடு வரை கார் வரும் பாதைக்குத் தார் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

கோடையில் ஒருவர் லாரியோடு வந்து கதவைத் தட்டுவார். "பக்கத்துத் தெருவுல வேலை முடிஞ்சுது, தார் மிச்சம் இருக்கு, பாதி விலைக்குப் போட்டுத் தரேன்" என்பார். சாயங்காலமே பாதை கறுகறுவென்று பளபளக்கும். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் பனிக்காலம் வரைக்கும்தான்!

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். தாருக்கு அடியில் தேங்கிய ஈரம் உறைந்து மேலே தூக்கும். உருகியதும் மண் இளகி, கார் ஏறினால் அமுங்கிவிடும். பகலில் உருகி இரவில் உறையும் மார்ச் மாதத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஏப்ரலில் பார்த்தால் விரிசலும் குழியும்தான். லாரிக்காரர் போனை எடுக்க மாட்டார்.

உள்ளூர் கான்ட்ராக்டர் கூடுதலாகத்தான் கேட்பார். ஆனால் நல்லவர் என்றால் முதலில் மண்ணைத்தான் பார்ப்பார். களிமண்ணா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், ஜல்லி எத்தனை அங்குலம் வேண்டும் என்று கணக்குப் போடுவார். சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும் கலவையை ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். அதனால் கடுங்குளிரில் வேலையே எடுக்க மாட்டார்.

ஜல்லியின் கனம், சரிவு, உத்தரவாதம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஏப்ரலில் கூப்பிட்டால் வந்து நிற்கிற ஆள்தானா? அதைப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.